யாருக்காக யாருடைய வீட்டை எடுப்பது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நியூ லண்டன் என்ற சிறிய துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரின் ஃபோர்ட் டிரம்புல் பகுதியில் 1997இல் சூசெட் கீலோ என்ற செவிலியர் ஒரு பழைய வீட்டை வாங்கினார். தண்ணீரைப் பார்த்தபடி இருந்த வீடு. அதற்காகவே அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டைச் சீரமைத்து இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார். அதே பகுதியில் வில்ஹெல்மினா டெரி என்ற மூதாட்டி வசித்தார். 1918இல் அவர் பிறந்ததும் அந்த வீட்டில்தான். மணம் முடித்த நாள்முதல் அவருடைய கணவரும் அறுபது ஆண்டுகளாக அங்கேயே அவரோடு வாழ்ந்துவந்தார். 2000 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விடுமுறைக்கு முந்தைய தினம், இந்த வீடுகளைக் கையகப்படுத்தும் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

நகர நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நெருக்கடி இருந்தது. 1,500 பேருக்கு மேல் வேலை கொடுத்துவந்த கடற்படை ஆய்வு மையம் 1996இல் மூடப்பட்டது. நகரத்தின் வேலையின்மை மாநில அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. மக்கள்தொகை 24,000க்கும் கீழே இறங்கியது. 1920க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. இந்த நிலையில் 1998இல் ஃபைசர் மருந்து நிறுவனம், ஃபோர்ட் டிரம்புலுக்கு அடுத்த நிலத்தில் 30 கோடி டாலர் செலவில் ஆராய்ச்சி மையம் கட்டப்போவதாக அறிவித்தது. அதையொட்டி 90 ஏக்கரில் ஹோட்டல், மாநாட்டு மையம், படகுத்துறை, அலுவலகங்கள், புதுக் குடியிருப்புகள் என ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது. நிலம் எடுக்கும் அதிகாரத்தை நகராட்சி, நியூ லண்டன் வளர்ச்சிக் கழகம் என்ற தனியார் அமைப்பிடம் ஒப்படைத்தது. பெரும்பாலானோர் விற்றுவிட்டுப் போனார்கள். 15 மனைகளுக்குச் சொந்தக்காரர்களான ஒன்பது பேர் மட்டும் மறுத்து நீதிமன்றம் சென்றார்கள். அந்த வீடுகள் பாழடைந்தவை என்று நகர நிர்வாகம்கூடச் சொல்லவில்லை. திட்ட எல்லைக்குள் அவை இருந்தன, அவ்வளவுதான்.

இந்த வழக்கில் வீட்டுக்காரர்களுக்காக வாதாடியது நீதிக்கான நிறுவனம் என்ற பொதுநலச் சட்ட அமைப்பு. தனிமனிதச் சுதந்திரமே முதன்மை, அரசின் அதிகாரம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன் சிந்தனையாளர்கள் 1991இல் தொடங்கிய அமைப்பு அது. அரசின் எல்லை எது, தனிமனிதரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்ற அந்தச் சிந்தனை மரபின் வாதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம், நியாயமான இழப்பீடு இல்லாமல் பொதுப் பயன்பாட்டுக்காகத் தனியார் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது. சாலை, பள்ளிக்கூடம், ராணுவத் தளம் என்றால் பொதுப் பயன்பாடு என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் 1954இல் தலைநகர் வாஷிங்டனில் சேரி அகற்றும் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, பொது மக்கள் நேரடியாகப் பயன்படுத்த வேண்டும் என்பது போய், பொது நோக்கம் ஏதாவது இருந்தால் போதும் என்ற நிலை வந்தது. எடுத்த நிலத்தை இன்னொரு தனியாரிடம் கொடுக்கலாம் என்பதும் அதோடு வந்தது. நியூ லண்டன் வழக்கு இந்தப் பாதையின் கடைசிப் படி. ஒழுங்காக இருக்கும் ஒருவரின் வீட்டை எடுத்து, அதைவிட அதிக வரி தரக்கூடிய இன்னொருவரிடம் கொடுப்பதும் பொது நோக்கம்தானா?

ஆம் என்றது உச்ச நீதிமன்றம். 2005 ஜூன் 23 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், பொருளாதார வளர்ச்சி என்பது அரசின் நெடுங்காலப் பணிகளில் ஒன்று, நகரம் கவனமாக வகுத்த திட்டத்தை நீதிமன்றம் தோண்டித் துருவ வேண்டியதில்லை என்றார். மாறுபட்டு எழுதிய சாண்ட்ரா டே ஓ’கானர், இப்படியே போனால் எந்த வீட்டையும் வணிக வளாகத்துக்காகவும், எந்தப் பண்ணையையும் தொழிற்சாலைக்காகவும் எடுத்துவிடலாம், தடுக்க எதுவும் மிஞ்சாது என்று எச்சரித்தார். இதில் லாபம் அடையப்போகிறவர்கள் அரசியலில் செல்வாக்குள்ள பெரிய நிறுவனங்களாகவே இருப்பார்கள் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இன்னும் கசப்பான ஓர் உண்மையைப் பதிவு செய்தார்: 1954 வழக்கின் சேரி அகற்றும் திட்டத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு இந்த வழக்கில் வீட்டுக்காரர்களின் பக்கம் நின்று மனு தாக்கல் செய்தது. காரணம் விளங்காமல் இல்லை.

இனி லிபர்டேரியன் வாதத்துக்கு வருவோம். அதன் வேர் எளிமையானது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வீடு பிடித்திருக்கிறது. சந்தை விலை கொடுக்கிறார். நான் விற்க மறுக்கிறேன். ஆள் வைத்து என்னை வெளியேற்றிவிட்டுப் பணத்தை என் கையில் திணித்தால் அதைக் குற்றம் என்போம். பத்துப் பேர் சேர்ந்து செய்தாலும் குற்றம்தான். தெருவே கூடிக் கை தூக்கி வாக்களித்துவிட்டுச் செய்தால்? எண்ணிக்கை கூடுவதால் மட்டும் குற்றம் எந்தக் கட்டத்தில் உரிமையாக மாறுகிறது? தனிமனிதர் எவருக்கும் இல்லாத ஓர் அதிகாரம், அவர்கள் சேர்ந்து உண்டாக்கிய அரசுக்கு எங்கிருந்து வந்தது? அரசு என்றதும் நாம் கேட்க மறந்துவிடுகிற கேள்வி இது. இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்த மரபின் பெரும் பங்களிப்பு என்று நான் நினைக்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இதற்கு அடித்தளம் போட்டார். ஒவ்வொருவரும் தன் உடலுக்குத் தானே உரிமையாளர். தன் உழைப்பைச் செலுத்தி யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைப் பண்படுத்தினால், மற்றவர்களுக்கும் போதுமான அளவு மிச்சம் இருக்கும்வரை, அதுவும் அவருடையதே. அரசு வருவதற்கு முன்பே இந்த உரிமைகள் இருக்கின்றன. இவற்றைக் காக்கவே மனிதர்கள் அரசை ஏற்படுத்திக்கொண்டார்கள். அப்படியானால் காவலுக்கு வைத்த அரசே உரிமையைப் பறித்தால் அதற்கு நியாயம் இல்லை. 1776இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் இந்தக் குரலே ஒலிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் இதை மிகக் கூர்மையாக எடுத்துவைத்தார். நாளைய பெரிய நன்மைக்காக இன்று சிறு வலியை நாம் பொறுத்துக்கொள்கிறோம். பல் மருத்துவரிடம் போவது அப்படித்தான். சமூகமும் அதேபோல் ஒரு பகுதியை இழந்து மொத்தமாக நன்மை பெறலாமே என்று கேட்பவர்களுக்கு அவருடைய பதில்: சமூகம் என்ற தனி உயிர் எதுவும் இல்லை. இழப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர். வில்ஹெல்மினா டெரி இழந்ததை நியூ லண்டன் இழந்ததாகக் கணக்கெழுத முடியாது. இழந்தவர் அந்த மூதாட்டி.

இழப்பீடு கொடுத்தார்களே என்ற சமாதானமும் இந்த இடத்தில் நிற்பதில்லை. சந்தை விலை என்பது விற்க விரும்புகிறவர் ஏற்றுக்கொள்ளும் விலை. எண்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை எந்த விலைக்கும் விற்க விரும்பாதவருக்குச் சந்தை விலையைக் கொடுப்பது, அவர் மறுத்த ஒப்பந்தத்தில் அவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

இந்தச் சிந்தனையை வெறும் சொத்துக்காரர்களின் வாதம் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் முழு நீளத்தையும் பார்ப்பதில்லை. என் உடல் என்னுடையது என்றால் என்னைக் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்பவும் அரசுக்கு உரிமை கிடையாது. வியட்நாம் போரின் காலத்தில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்தவர்களில் இளம் லிபர்டேரியன்களும் இருந்தார்கள். விரும்பிச் சேருபவர்களைக் கொண்ட ராணுவமே வேண்டும் என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன். 1973இல் கட்டாயச் சேர்ப்பு நின்றது. போதைப்பொருள் உட்கொள்வதைக் குற்றமாக்குவது, மனமொத்த இருவரின் உறவில் தலையிடுவது, நூல்களைத் தடை செய்வது, முடிதிருத்தும் தொழில் செய்யக்கூட உரிமம் கேட்பது எல்லாம் அவர்களுக்கு ஒரே வகை அத்துமீறல்கள். 1971 டிசம்பரில் கொலராடோவில் தொடங்கப்பட்ட லிபர்டேரியன் கட்சி, இந்தக் காரணத்தால்தான் இடது, வலது என்ற இரு பெட்டிகளிலும் அடங்காமல் நிற்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்பாடு விதித்தது கட்சி பிறக்க உடனடிக் காரணம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் சொற்பம். ஆனால் மாநிலங்களின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில், வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒருவர் கட்சி மாறி வாக்களித்ததால், அதன் துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், தேர்வாளர் வாக்கு பெற்ற முதல் பெண் என்று அமெரிக்க வரலாற்றில் இடம்பிடித்தார்.

அரசு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்பது நோசிக்கின் நிலை. பொருளாதார அறிஞர் முர்ரே ராத்பார்டுக்கு அதுவும் கூடுதல். வரி என்பதே பறிப்பு, காவலைக்கூடத் தனியார் தரலாம் என்றார் அவர். மறுகோடியில் ஃபிரீட்மனும் இன்னொரு பொருளாதார அறிஞரான ஃபிரெட்ரிக் ஹாயெக்கும் ஏழைகளுக்குக் குறைந்தபட்ச வருமானத்தை அரசு உறுதி செய்வதை ஏற்றார்கள். சாலை, தடுப்பூசி, மாசுக் கட்டுப்பாடு என்று இறங்கினால் இந்தக் கருத்துவேறுபாடுகள் இன்னும் விரியும்.

வேறுபாடுகள் இருந்தாலும் அதிகாரத்தைப் பற்றிய ஓர் அனுபவ உண்மையில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். அமைச்சரும் அதிகாரியும் நகராட்சி உறுப்பினரும் நம்மைப்போலவே சொந்த நலன் உள்ள மனிதர்கள். நிலம் எடுக்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தால், அதை அடைய முதலில் வந்து வரிசையில் நிற்பவர் ஏழையாக இருக்க மாட்டார். 1981இல் டெட்ராய்ட் நகரம் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்காகப் போல்டவுன் என்ற குடியிருப்பை இடித்து 4,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது. அதை அப்போது அனுமதித்த மிச்சிகன் உச்ச நீதிமன்றமே 2004இல் அந்தத் தீர்ப்பைத் தவறென்று கைவிட்டது. 2019இல் தீர்ப்பு வந்த டிம்ஸ் வழக்கும் இப்படித்தான். சிறு அளவு போதைப்பொருள் விற்ற ஓர் இளைஞரிடமிருந்து, அந்தக் குற்றத்துக்கான உச்சபட்ச அபராதம் 10,000 டாலர்தான் என்றபோதும், 42,000 டாலர் மதிப்புள்ள காரை இந்தியானா மாநிலம் பறித்துக்கொண்டது. தந்தையின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் வாங்கிய கார் அது. அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாதாடியது அதே நீதிக்கான நிறுவனம்.

நியூ லண்டனில் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். தீர்ப்பின்மீது நாடே கொதித்தது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிலம் எடுக்கும் சட்டங்களைத் திருத்தின. டெரி 2006இல் காலமானார். கீலோவின் வீடு பிரித்தெடுக்கப்பட்டு நகரின் வேறு தெருவில் மீண்டும் எழுப்பப்பட்டது. திட்டத்துக்கு 7 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் செலவானது. 2009இல் ஃபைசர் அந்த மையத்தை மூடிவிட்டு ஊழியர்களை ஆற்றின் அக்கரைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த நிலம் பத்தாண்டுகளுக்கும் மேல் புல் மண்டிக் கிடந்தது. இதைச் சொல்லித் தீர்ப்பைக் கண்டிப்பவர்கள் அதிகம். ஆனால் லிபர்டேரியன் வாதம் இதைச் சார்ந்து நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோட்டல் எழும்பி, படகுத்துறை நிரம்பி, நகரத்துக்கு வரி கொட்டியிருந்தாலும் அந்த மூதாட்டியை வெளியேற்றியது தவறே என்பதுதான் அவர்களுடைய நிலை. உரிமை என்பது விளைவைப் பார்த்துப் பிறகு கணக்கிடும் விஷயம் அல்ல. இதில் நான் அவர்களோடு முழுமையாக நிற்கிறேன்.

நான் விலகும் இடம் வேறு. அதற்கு இன்னொரு நிலத்துக்குப் போக வேண்டும். ஹவாய் தீவுகளில் அறுபதுகளில் மாநில சட்டமன்றம் கணக்கெடுத்தபோது, மத்திய மாநில அரசுகளிடம் இருந்தது போக, மாநிலத்தின் மொத்த நிலத்தில் 47 சதவீதம் வெறும் 72 பேரிடம் இருந்தது தெரியவந்தது. வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு மனை சொந்தமில்லை. தலைமுறை தலைமுறையாகக் குத்தகைதான். பெருநிலக்காரர்களிடமிருந்து இழப்பீடு கொடுத்து மனைகளை எடுத்துக் குத்தகைதாரர்களுக்கே விற்கும் சட்டத்தை 1967இல் ஹவாய் இயற்றியது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் ஓ’கானர். கீலோ வழக்கில் வீட்டுக்காரர்களுக்காக மாறுபட்டு எழுதிய அதே நீதிபதி, இங்கே நில உடைமையின் குவிப்பே சமூகத்துக்குத் தீங்கு செய்தது, கீலோவின் வீடு யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று இரண்டையும் வேறுபடுத்தினார். கறாரான லிபர்டேரியனுக்கு இந்த வேறுபாடு செல்லாது. ஒரு தனியாரிடமிருந்து எடுத்து இன்னொரு தனியாருக்குக் கொடுப்பது இரண்டிலும் ஒன்றே. எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஏன் என்று சொல்ல இன்னும் கூர்மையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். பற்பசையும் வேறு சில சாமான்களும் வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தது. அதே கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கறுப்பர்களுக்கு இங்கே கொடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. அந்த இருக்கை மறியல் தென் மாநிலங்கள் முழுவதும் பரவியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த குடிமை உரிமைகள் சட்டம், உணவகங்களும் விடுதிகளும் நிறம் பார்த்து ஆளை விலக்கக் கூடாது என்றது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட விடுதியின் உரிமையாளர் உடனே நீதிமன்றம் போனார். என் விடுதி, நான் யாரை அனுமதிப்பது என்பது என் உரிமை, இது இழப்பீடு இல்லாமல் சொத்தைப் பறிப்பது என்று கீலோவின் அதே ஐந்தாம் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். ஒருமனதாகத் தோற்றார். அரிசோனா செனட்டர் பேரி கோல்டுவாட்டர், தனியார் வணிகத்தில் இப்படித் தலையிட அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தரவில்லை என்று சொல்லி அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்திருந்தார். இன்றும் பல லிபர்டேரியன்கள் அந்தப் பிரிவு தவறென்றே சொல்கிறார்கள்.

அவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அதில் உண்மையும் உண்டு. பிரித்துவைப்பதை முதலில் கட்டாயமாக்கியது அரசுதான். 1890இல் லூசியானா மாநிலம் ரயில்களில் தனிப் பெட்டிகள் வேண்டுமென்று சட்டம் போட்டபோது, கூடுதல் பெட்டிகளுக்கு ஆகும் செலவை நினைத்து ரயில் நிறுவனமே அதை விரும்பவில்லை. சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களுக்கு ஒத்துழைப்பும் கொடுத்தது. சரிதான். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் கிரீன்ஸ்பரோவின் காபிக் கோப்பை மறுக்கப்பட்டது. ஒரு கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஊரில் எல்லாக் கடைக்காரர்களும், எந்தச் சட்டமும் இல்லாமல், ஒரே முடிவை எடுத்திருந்தால் மறுக்கப்பட்டவர் எங்கே போவார்? ஒடுக்குவதற்கு அரசு தேவையில்லை என்பதை இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த சமூகத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் கூறு அரசைத் தடுப்பதோடு நிற்காமல், கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியது. 17ஆம் கூறு தீண்டாமையை எந்த வடிவில் யார் கடைப்பிடித்தாலும் தடை செய்தது. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் தயாரித்த மனுவில் இதே கேள்வி வருகிறது. அரசின் கட்டுப்பாடு இல்லாத சுதந்திரம் என்கிறீர்களே, அது யாருக்கான சுதந்திரம் என்று கேட்டு, வாடகையை ஏற்ற நிலக்கிழாருக்கும் கூலியைக் குறைக்க முதலாளிக்கும் கிடைக்கும் சுதந்திரம் என்று அவரே பதிலும் எழுதினார்.

சொத்தின் தொடக்கத்தைப் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. கீலோவின் வீட்டுப் பத்திரத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? நியூ லண்டன் இருக்கும் மண் பீக்வாட் பழங்குடியினருடையது. 1637இல் ஆங்கிலேயக் குடியேறிகள் அவர்களின் மிஸ்டிக் கிராமத்தைத் தீயிட்டு அழித்தார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் பீக்வாட் என்ற பெயரைச் சொல்வதே தடை செய்யப்பட்டது. 1646இல் அந்த இடத்தில் நகரம் எழுந்தது. இதற்குக் கீலோ பொறுப்பில்லை. ஆனால் நியாயமாக அடைந்தது, நியாயமாகக் கைமாறியது என்ற சங்கிலியில்தான் சொத்துரிமை தொங்குகிறது என்று சொல்லும் கோட்பாடு, சங்கிலியின் முதல் கண்ணியைப் பார்த்தே ஆக வேண்டும். நோசிக் இதை உணர்ந்திருந்தார். பழைய அநீதியைத் திருத்துவது என்பதைத் தன் மூன்றாவது கோட்பாடாக வைத்தார். பெரிய அநீதிகளைத் திருத்தச் சிறிது காலத்துக்கு விரிவான அரசுகூடத் தேவைப்படலாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதை எப்படிச் செய்வது என்பதை மட்டும் விரித்து எழுதவில்லை. ராத்பார்டு இன்னும் வெளிப்படையாக, வலிமையால் பிடித்த ஜமீன் நிலம் ஜமீன்தாருடையதே அல்ல, உழுதவருடையது என்றார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் வரிக்கு எதிராக அவர் எழுதியதை மேற்கோள் காட்டும் அளவுக்கு இதைக் காட்டுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே தெரிகிறது.

நம் ஊரில் இந்த மூன்றாவது கோட்பாட்டுக்குப் பெயர் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. தன் நிலத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை இது பறிக்கிறது என்று ஒரு லிபர்டேரியன் சொல்லக்கூடும். ஆனால் கடனுக்கும் மிரட்டலுக்கும் பயந்து போட்ட கைநாட்டை ஒப்புதல் என்று எண்ண முடியாது என்பதால்தான் அந்த நிபந்தனை வந்தது. நிபந்தனை இருந்தும் நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல் துறை சுட்டு இருவர் இறந்தார்கள்.

இந்தியாவில் லிபர்டேரியன் சிந்தனைக்கு மிக அருகில் வந்த அரசியல் முயற்சி சென்னையில்தான் பிறந்தது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்ஜியத்தை எதிர்த்தது; நில உடைமையில் அரசின் கையை நீட்டிய 17ஆம் திருத்தத்தை எதிர்த்தது; 1967இல் மக்களவையில் 44 இடங்களை வென்றது. ஆனால் ராஜாஜியை லிபர்டேரியன் என்று சொல்ல முடியாது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். கடைசிவரை அதை விடவில்லை. ஆலை நடத்த அனுமதி கேட்பதைத் தவறென்றவர், குடிப்பவரைத் தடுக்கும் அதிகாரத்தை அரசிடம் மனமொப்பிக் கொடுத்தார்.

சொத்துரிமை இந்தியாவில் இப்போது அடிப்படை உரிமை அல்ல. 1978இன் 44ஆம் திருத்தம் அதை எடுத்துவிட்டு, சட்டத்தின்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300-ஏ கூறை வைத்தது. நிலச் சீர்திருத்தத்துக்காக வளர்ந்த அதிகாரம், பிறகு சிறு விவசாயியின் நிலத்தைத் தொழிற்பேட்டைக்காக எடுக்கவும் பயன்பட்டது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் ஒப்புதல் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 சதவீதம். சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். கீலோவுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுக்காத பாதுகாப்பு இது.

தமிழ்நாடு தன் மூன்று சட்டங்களுக்கு அந்த ஒப்புதலிலிருந்தும் மதிப்பீட்டிலிருந்தும் விலக்கு வாங்கிக்கொண்டது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம் ஆகியவை அவை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கை ரத்து செய்தது. மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டுமனை இல்லாத ஆதிதிராவிடக் குடும்பத்துக்காக ஊரில் நிலம் வைத்திருப்பவரிடம் ஒப்புதல் கேட்டால், அந்தக் குடும்பத்துக்கு மனை ஒருநாளும் கிடைக்காது. முதல் சட்டத்துக்கு விலக்கு இருப்பதை அதனால் ஆதரிக்கிறேன். தொழிற்சாலைக்காக வயலை இழக்கப்போகிறவரிடம் சம்மதமா என்று கேட்காமல் இருப்பதற்கு அப்படி ஒரு காரணம் இல்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்குப் பட்டியலிலிருந்து எடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும்.